கீட்டிங் முதல் 'சாட்டை' தயாளன் வரை: கதைகளில் வந்த சில ஆசிரியர்களை மட்டும் நாம் மறக்காதது ஏன்?

செப்டம்பர் 5 வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஆசிரியர்கள்தான். சிலர் தங்களுக்குப் பாடம் எடுத்தவர்களின் போட்டோவைப் போடுவார்கள். இன்னும் சிலர், ஒரு நாள்கூடப் பாடம் எடுக்காதவர்களின் வீடியோ கிளிப்பைப் போடுவார்கள். 'சாட்டை' தயாளன், 'ராட்சசி' கீதா ராணி, 'வாத்தி' பாலமுருகன், 'தாரே ஜமீன் பர்' நிகும்ப் என்று அந்த லிஸ்ட் நீளும்.

இவர்கள் யாருமே நிஜத்தில் இல்லை. ஆனாலும், "இப்படி ஒரு சார் நமக்குக் கிடைச்சிருந்தா..." என்று ஒரு தடவையாவது நினைத்திருப்போம்.

பள்ளிக்கூடக் கதைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றில் சில ஆசிரியர்கள் மட்டும் பல வருடம் கழித்தும் மனதில் நிற்பது எப்படி? இந்தக் கதைகளால் நிஜ ஆசிரியர்களுக்கு நன்மையா, கூடுதல் சுமையா? விரிவாகப் பார்க்கலாம். சில படங்கள், புத்தகங்களின் முடிவும் இந்தக் கட்டுரையில் வருகிறது. பார்க்காதவர்கள் கவனிக்க.

எல்லாப் படத்திலும் ஒரே ஃபார்முலாவா?

கிட்டத்தட்ட ஆமாம். ஒரு மோசமான வகுப்பு இருக்கும். அங்கே புதிதாக ஒரு ஆசிரியர் வருவார். மாணவர்கள் சீண்டுவார்கள், சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு வேறு மாதிரி பாடம் நடத்துவார். நிர்வாகத்தோடு மோதல் வரும். கடைசியில் வகுப்பே மாறியிருக்கும். அவர் விடைபெறும்போது எல்லோரும் கண்கலங்குவார்கள்.

இந்த வார்ப்பைப் பிரபலமாக்கிய படங்களில் ஒன்று 1967-ல் வந்த 'டு சார், வித் லவ்'. சிட்னி பாய்ட்டியர் நடித்த மார்க் தாக்கரே ஒரு கறுப்பின இன்ஜினியர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் லண்டனின் ஈஸ்ட் எண்ட் பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கு ஆசிரியராக வருகிறார். பாடப்புத்தகங்களைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வேலை, திருமணம், மரியாதை என்று வாழ்க்கையைப் பற்றி மாணவர்களிடம் பேசத் தொடங்குகிறார்.

தமிழில் 1994-ல் 'நம்மவர்' வந்தது. ரவுடித்தனம் மிகுந்த கல்லூரிக்கு வரும் பேராசிரியர் செல்வமாக கமல்ஹாசன் நடித்தார். அதே படத்தில் மகளை இழக்கும் பேராசிரியராக வந்த நாகேஷுக்கு, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. பிறகு 2012-ல் 'சாட்டை', 2019-ல் 'ராட்சசி', 2023-ல் 'வாத்தி' என்று வரிசை நீண்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 'சாட்டை'யில் அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்தும் தயாளன் சாராக வந்த சமுத்திரக்கனிதான், 'வாத்தி'யில் கல்வியை வியாபாரமாக்கும் வில்லன்.

ஃபார்முலா ஒன்றாக இருந்தும் ஏன் ஓடுகிறது? காரணம் எளிது. நாம் எல்லோரும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறோம். கவனிக்கப்படாமல் போன ஒரு நாளாவது எல்லோருக்கும் இருக்கும். அந்த நாளுக்கு இந்தப் படங்கள் தாமதமாகப் பதில் சொல்கின்றன.

ஒரு குழந்தையைக் கவனித்தவர்கள்

நினைவில் நிற்கும் காட்சிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மேடையில் பேசும் நீளமான வசனம் அவற்றில் அவ்வளவாக இருக்காது. ஆசிரியர் ஒரே ஒரு மாணவனை உற்றுப் பார்க்கும் காட்சி கண்டிப்பாக இருக்கும்.

2007-ல் ஆமிர் கான் இயக்கி நடித்த 'தாரே ஜமீன் பர்' நல்ல உதாரணம். எட்டு வயது இஷானுக்கு எழுத்துகள் குழம்புகின்றன. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். பள்ளியில் திட்டுகிறார்கள். ஹாஸ்டலில் சேர்த்த பிறகு அவன் பேசுவதையே நிறுத்திவிடுகிறான்.

அங்கே வரும் ஓவிய ஆசிரியர் நிகும்ப் முதலில் செய்வது என்ன தெரியுமா? அவனுடைய பழைய நோட்டுகளைப் புரட்டுகிறார். பிழைகளை எண்ணுவதற்குப் பதிலாக, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கிறார். அப்போதுதான் அது டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம் என்று பிடிபடுகிறது. அவரும் சின்ன வயதில் அதே சிரமத்தோடு வளர்ந்தவர்தான்.

மற்ற ஆசிரியர்களும் அந்த மாதிரி நோட்டுகளைத்தான் திருத்தினார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது மார்க். நிகும்ப் கண்ணுக்குத் தெரிந்தது பையன்.

ஹாரி பாட்டர் வாசகர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். மூன்றாவது புத்தகத்தில் பேராசிரியர் லூபின் ஒரு வகுப்பு எடுக்கிறார். எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ, அந்த உருவத்தில் வரும் ஒரு மாயப் பிராணி அங்கே இருக்கிறது. நெவில் என்ற கூச்ச சுபாவமுள்ள பையனின் முறை வருகிறது. அவன் முன்னால் பேயும் வரவில்லை, பூதமும் வரவில்லை. அவனுக்குப் பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியர், ஸ்னேப் வந்து நிற்கிறார்.

லூபின் அதைப் பெரிய விஷயமாக்கவில்லை. ஸ்னேப்பை உன் பாட்டியின் உடையில் கற்பனை செய் என்கிறார். வகுப்பே சிரிக்கிறது, நெவிலும் சிரிக்கிறான். ஒரு பையனின் மனதில் ஆசிரியரே மிகப்பெரிய பயமாக இருக்க முடியும். அந்தப் பயத்தைக் கலைப்பவரும் ஓர் ஆசிரியராகவே இருக்க முடியும். இரண்டையும் அந்த ஒரே வகுப்பு காட்டிவிடுகிறது.

பயமுறுத்தியவர்களும் ஏன் நினைவில் இருக்கிறார்கள்?

எல்லா ஆசிரியர்களும் நல்லவர்களாகவே நினைவில் நிற்பதில்லை. ரோல்ட் டால் 1988-ல் எழுதிய 'மட்டில்டா'வில் அன்பான மிஸ் ஹனியும் இருக்கிறார், பிள்ளைகளைத் தூக்கி எறியும் தலைமையாசிரியை ட்ரன்ச்புல்லும் இருக்கிறார். குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாமவரைத்தான் முதலில் நடித்துக் காட்டுவார்கள்.

மலையாளத்தில் 1995-ல் வந்த 'ஸ்படிகம்' இன்னும் ஆழமாகப் போகிறது. சாக்கோ மாஸ்டர் பேர்போன கணக்கு வாத்தியார். அவருடைய மகன் தோமாவுக்குக் கைவேலையில், கருவிகள் செய்வதில்தான் ஆர்வம். கணக்கு வராத பிள்ளை உருப்படாது என்பது அப்பாவின் கொள்கை. அடியும் அவமானமும் தாங்காமல் பையன் வீட்டை விட்டு ஓடுகிறான். திரும்பி வரும்போது ஊரே பயப்படும் ரவுடியாக வருகிறான்.

திலகன், மோகன்லால் நடித்த இந்தக் கதைதான் 2007-ல் தமிழில் 'வீராப்பு' ஆனது. அப்பா வேடத்தில் பிரகாஷ் ராஜ், மகனாக சுந்தர்.சி. சாக்கோ மாஸ்டர் கெட்டவர் இல்லை, ஒழுக்கமானவர். மகன் நன்றாக வரணும் என்றுதான் எல்லாம் செய்கிறார். தன் தவறு புரியும்போது அவருக்கு வயதாகிவிடுகிறது. பார்ப்பவர்களை உறுத்துவது அதுதான். "உன் நல்லதுக்குத்தான் அடிக்கிறேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஊரிலும் ஏராளம்.

இந்தியாவில் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் மாணவர்களை உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆக, அடி மட்டுமல்ல, வகுப்புக்கு முன்னால் அவமானப்படுத்துவதும் சட்டப்படி தவறு.

அடிக்கவே அடிக்காமல் ஆபத்தாக முடியும் ஆசிரியரும் உண்டு. மூரியல் ஸ்பார்க் 1961-ல் எழுதிய நாவலின் நாயகி ஜீன் பிராடி அப்படிப்பட்டவர். 1930-களில் எடின்பரோவில் பாடம் எடுக்கும் அவரை மாணவிகள் கொண்டாடுகிறார்கள். கலை, பயணம், காதல் என்று அவர் பேசப்பேச வகுப்பே மயங்குகிறது. கூடவே இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியையும் புகழ்கிறார். அவர் பேச்சில் மயங்கிய ஒரு மாணவி, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குக் கிளம்பிப் போய் உயிரை விடுகிறாள்.

இந்த வேடத்தில் 1969 படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர் மேகி ஸ்மித். ஹாரி பாட்டர் படங்களில் கண்டிப்பும் நேர்மையுமான பேராசிரியர் மெக்கோனகல்லாக வந்தாரே, அவரேதான்.

நல்ல ஆசிரியரும் தோற்பாரா?

தோற்பார். அப்படித் தோற்றவர்கள்தான் கூடுதல் காலம் நினைவில் இருக்கிறார்கள்.

1989-ல் வந்த 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' படத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்த ஜான் கீட்டிங்கைப் பலருக்குத் தெரியும். மேஜை மேல் ஏறி நின்று உலகத்தைப் பாருங்கள் என்று சொல்லும் ஆங்கில ஆசிரியர். அந்த மேஜைக் காட்சி இன்றும் ரீல்ஸில் சுற்றுகிறது.

ரீல்ஸில் வராத பகுதி வேறு. நீல் என்ற மாணவன் நடிகனாக விரும்புகிறான். அப்பாவிடம் மனம்விட்டுப் பேசு என்கிறார் கீட்டிங். பேசிவிட்டேன் என்று பொய் சொல்கிறான் பையன். நாடகம் நன்றாக நடக்கிறது. ஆனால், அப்பா அவனை ராணுவப் பள்ளிக்கு மாற்ற முடிவு செய்கிறார். அன்றிரவே அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பள்ளி நிர்வாகம் பழியை கீட்டிங் மேல் போட்டு வேலையை விட்டு அனுப்புகிறது.

கடைசியில் மாணவர்கள் மேஜை மேல் ஏறி நின்று அவருக்கு விடை கொடுக்கிறார்கள். முதலில் ஏறுபவன், வாயைத் திறக்கவே கூசிய டாட். அந்த ஆசிரியரால் ஒரு பையன் பேசக் கற்றுக்கொண்டான். இன்னொரு பையனை அவரால் காப்பாற்ற முடியவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் படம்.

2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' மாஸ் படம்தான். ஆனாலும் அதன் மையத்தில் இதே மாதிரி ஒரு வலி இருக்கிறது. விஜய் நடித்த ஜேடி, குடிக்கு அடிமையான பேராசிரியர். சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்ததும், இரண்டு சிறுவர்கள் அவரிடம் உதவி கேட்க முயல்கிறார்கள். அவர் போதையில் இருக்கிறார். விடிந்தபோது அந்தப் பிள்ளைகள் உயிரோடு இல்லை. அதன் பிறகு அவர் போடும் சண்டை எல்லாம், அன்றைக்கு ஒருமுறை காது கொடுக்காததற்கான விலைதான்.

எழுத்துக்கூட்டிப் படித்த ஆசிரியர்

இந்த வரிசையில் தமிழ் வாசகர்கள் விட்டுவிடக் கூடாத பெயர் துய்ஷேன். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-ல் வெளியிட்ட குறுநாவலின் நாயகன். தமிழில் 'முதல் ஆசிரியர்' என்ற பெயரில் பல தலைமுறையாகப் படிக்கப்படுகிறது.

1924-ல் ஒரு மலைக் கிராமத்துக்குத் துய்ஷேன் வருகிறான். அதுவரை அங்கே பள்ளியே இல்லை. பாழடைந்த குதிரைக் கொட்டிலைச் சுத்தம் செய்து பள்ளியாக்குகிறான். குளிர்காலத்தில் உறையும் ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான். குதிரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவனுக்கே சரியாகப் படிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அவனிடம் படித்த அல்தினாய் என்ற அநாதைச் சிறுமியை, சித்தி ஒரு பணக்காரனுக்கு இரண்டாம் தாரமாக விற்கிறாள். தடுக்கப் போன துய்ஷேனை அடித்து நொறுக்குகிறார்கள். அப்படியும் அவன் அவளை மீட்டு, படிக்க நகரத்துக்கு அனுப்பிவைக்கிறான்.

பல ஆண்டுகள் கழிகின்றன. அல்தினாய் பெரிய கல்வியாளர் ஆகிவிட்டார். ஊரில் புதிய பள்ளிக்கூடத் திறப்பு விழா. அவர்தான் சிறப்பு விருந்தினர். விருந்து நடக்கும்போது வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. கொண்டுவந்தவர் வயதான தபால்காரர். அவர்தான் துய்ஷேன். அவரை உள்ளே கூப்பிடலாமே என்று சொல்லும் முன்பே, அடுத்த கடிதத்தைக் கொடுக்கக் குதிரையில் கிளம்பிவிட்டார். விருந்தில் இருந்தவர்கள் அவருடைய அரைகுறைப் படிப்பைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அல்தினாய்க்கு அங்கே உட்கார முடியவில்லை.

புதிய பள்ளிக்குத் துய்ஷேனின் பெயரை வைக்க வேண்டும் என்பதுதான் பிறகு அவர் எழுதும் கடிதத்தின் கோரிக்கை. ஆசிரியர் மாணவரை மறக்காத கதைகள் நிறைய உண்டு. மாணவர் ஆசிரியரை மறந்ததற்கு வெட்கப்படும் கதை இது.

போகாமல் தங்கியவர்கள்

ஃபார்முலா படத்தில் ஆசிரியர் வருவார், மாற்றுவார், போவார். சில கதைகளில் அவர் போவதில்லை.

ஜேம்ஸ் ஹில்டன் 1934-ல் எழுதிய 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்' நாவலின் லத்தீன் ஆசிரியர் சிப்ஸ் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. ஒரே பள்ளியில் பல பத்தாண்டுகள் இருந்தார். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பத்தின் தலைமுறைகளுக்குப் பாடம் எடுத்தார். போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயரைப் பள்ளியில் வாசிக்கும்போது, அவருக்கு ஒவ்வொருவரின் முகமும் தெரிந்தது.

தமிழில் 'வாகை சூட வா' இந்த வகை. 2011-ல் சற்குணம் இயக்கிய இந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. கதை நடப்பது 1966-ல். அரசு வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காகத்தான் வேலுத்தம்பி (விமல்) செங்கல் சூளைக் கிராமத்துக்கு வருகிறார். பிள்ளைகளைச் சூளையிலிருந்து வகுப்புக்கு இழுப்பதே பெரும்பாடு. கணக்குத் தெரியாததால் கூலியில் ஏமாற்றப்படும் குடும்பங்கள் அவை. அரசு வேலை கைக்கு வரும் நேரத்தில் அவர் மனம் மாறிவிடுகிறது.

லண்டன் தாக்கரேவும் இதைத்தான் செய்தார். ஆசைப்பட்ட இன்ஜினியர் வேலைக்கான கடிதம் வந்தபோது, அதைக் கிழித்துப் போட்டார்.

இவர்கள் நிஜத்திலும் இருந்தார்களா?

சிலருக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் உண்டு. சிப்ஸ் பாத்திரத்துக்கு, ஹில்டன் படித்த கேம்பிரிட்ஜ் லேஸ் பள்ளியின் ஆசிரியர் பால்கர்னி ஒரு தூண்டுதல். ஜீன் பிராடிக்கு, ஸ்பார்க்கின் பள்ளி ஆசிரியை கிறிஸ்டினா கே. 'டு சார், வித் லவ்' கதை, பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஈ.ஆர்.பிரெய்த்வெய்ட்டின் சொந்த அனுபவத்திலிருந்து 1959-ல் புத்தகமாக வந்தது.

'டோட்டோ-சான்' தலைமையாசிரியர் கோபயாஷியைப் பலர் கற்பனை என்று நினைக்கிறார்கள். அவர் டோக்கியோவில் நிஜமாகவே பள்ளி நடத்தியவர். ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி முதல் நாள் வந்தபோது, அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டார் என்று எழுதியிருக்கிறார் அந்தச் சிறுமி, டெட்சுகோ குரோயநாகி.

அப்படியென்றால் இந்தக் கதைகளில் என்ன சிக்கல்?

ஒரு நல்ல ஆசிரியர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை ஹீரோ படங்கள் விதைக்கின்றன. இடிந்த சுவர், இல்லாத கழிப்பறை, காலிப் பணியிடம் எல்லாமே ஒருவருடைய மன உறுதியால் தீரும் என்பது போல ஆகிவிடுகிறது. அப்படித் தீராதபோது பழி ஆசிரியர் மேல் விழுகிறது.

நிகும்ப் மாதிரி ஒரு நோட்டை உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர், 6 முதல் 8-ம் வகுப்பு வரை 35 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகளைத் தவிர, கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது 27-வது பிரிவு. இந்த விதிகள் நடைமுறையில் இருந்தால்தான் ஒரு சாதாரண ஆசிரியராலும் ஒரு குழந்தையைக் கவனிக்க முடியும். அதற்கு ஹீரோ தேவைப்படக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு மலையாளப் படத்தைச் சொல்லியாக வேண்டும். 2024-ல் வந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' ஒரு கடைசி பெஞ்ச் மாணவனின் கதை. முடிவில் பெஞ்சுகள் சுவரோரமாக நகர்கின்றன, கடைசி பெஞ்ச் என்பதே இல்லாமல் போகிறது. அதைப் பார்த்து கேரளத்தில் சில பள்ளிகள் இருக்கைகளை மாற்றின. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றி விவாதம் கிளம்பியது. தூரத்தில் இருப்பவருக்குக் கரும்பலகை தெரியுமா, கழுத்து வலிக்காதா என்ற கேள்விகளும் வந்தன. நியாயமான கேள்விகள்தான். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியரைப் புகழ்வதோடு நிற்காமல், வகுப்பறையைப் பற்றிப் பேசினோம். அதுவே நல்ல தொடக்கம்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

சின்னப் பிள்ளைகளோடு பார்க்க 'தாரே ஜமீன் பர்'. படிக்க 'மட்டில்டா', 'டோட்டோ-சான்'. பிளஸ் 2, கல்லூரி வயதினருக்கு 'டெட் பொயட்ஸ் சொசைட்டி'. பெற்றோர் அதைக் கூடவே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மார்க் விஷயத்தில் பிள்ளையோடு மல்லுக்கட்டும் அப்பா, அம்மாக்களுக்கு 'ஸ்படிகம்'. ஒரே மாலையில் படித்து முடிக்க 'முதல் ஆசிரியர்'.

படித்து முடித்ததும், உங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். அல்தினாய்க்கு அது தோன்றியபோது, துய்ஷேன் குதிரையில் ஏறிப் போயிருந்தார். நமக்கு ஒரு போன் கால் போதும்.